சேர்மன் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம்

"சேர்மன் ஐயா போட்டோவைப் பார்த்துட்டாங்க."

"என்ன சார் சொன்னாங்க?"

"'இது நான் இல்லை'ன்னுட்டாங்க."

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் பி.ஆர்.ஓ.வுக்கு மூச்சு வாங்கியது. பெரிய நிறுவனம், பெரிய சேர்மன். அவரிடமிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தையையும் ஓடிப்போய் இன்னொருவரிடம் சேர்ப்பதுதான் அவர் உத்தியோகம். இந்தப் பக்கத்தில் கிரேடியன்ட் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான்.

"பயப்படாதீங்க சார். பத்து பேர்ல ஒன்பது பேர் தன் போட்டோவைப் பார்த்ததும் இதைத்தான் சொல்வாங்க."

"பத்தாவது ஆள்?"

"அவர் பாஸ்போர்ட்டுக்கு எடுக்க வந்திருப்பார் சார். ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

கிரேடியன்ட் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஸ்டுடியோவில் எல்லோரும் சேர்ந்து வைத்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும்போது அந்தப் பெயரில் ஒரு வசதி உண்டு. படத்தின் ஓர் ஓரத்தில் தொடங்கிக் கோடு இழுத்தால், அங்கே கெட்டியாக இருக்கும் இருட்டோ வெளிச்சமோ போகப் போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். வட்டமாகப் போட்டால் வட்டமாகக் கரையும். மற்றவர்கள் அதை உப்பு போல வைத்துக்கொண்டார்கள். இவன் அதையே சோறாக வடித்தான். கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு, மாப்பிள்ளைக்கு மூன்று, மாமியாருக்கு ஐந்து என்று இழுத்துத் தள்ளினான். விசிட்டிங் கார்டில் 'ஒளிச் சிற்பி' என்று வேறு அடித்து வைத்திருந்தான்.

அந்த நாற்காலி அவனுக்குக் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் எட்டு வருடம் முன்பக்கத்துப் பாஸ்போர்ட் கவுன்ட்டர். "நிமிருங்க, சிரிக்காதீங்க, காது தெரியட்டும்" என்பதைத் தவிர வேறு வாக்கியம் பேசாத எட்டு வருடம். இப்போது ஏ.சி. அறை, பெரிய திரை, சுழலும் நாற்காலி, உள்ளே வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு வருகிற மரியாதை.

சேர்மன் படம் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. நிறுவனம் புதிய தலைமை அலுவலகம் கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆறடி உயரத்துக்குச் சேர்மன். ஸ்டுடியோ முதலாளியே நேரில் போய்ப் படமெடுத்து, மெமரி கார்டைக் கொடுத்தனுப்பிவிட்டு, அப்படியே வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டார். சேர்மன் ஏழு நிமிடம்தான் ஒதுக்கினாராம். கார்டில் எட்டே படங்கள். மூன்றில் காதில் போன்; கை பாதி முகத்தை மறைத்தது. இரண்டில் கண் மூடியிருந்தது. இரண்டில் கதவுப் பக்கம் திரும்பி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒன்றில் மட்டும் கண் திறந்து, கை மடியில் இருக்க, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் கிரேடியன்ட் எடுத்தான். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

"பின்னணி ரொம்ப வெளிச்சம் சார், அதான். முகம் அமுங்கிப் போச்சு. பத்து நிமிஷம் கொடுங்க."

இடது ஓரத்திலிருந்து ஓர் இருட்டு இழுத்தான். வலது ஓரத்திலிருந்து ஓர் இருட்டு. முகத்தின் மேல் வட்டமாக ஒரு வெளிச்சம். தள்ளி நின்று பார்த்தான். தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அனுப்பினான்.

கவுன்ட்டர் அக்கா டீயோடு உள்ளே வந்தாள். கதவைத் தட்டாமல் வருகிற ஒரே ஆள். பாஸ்போர்ட் கவுன்ட்டரில் அவனுக்குப் பிறகு உட்கார்ந்தவள். வாய் மட்டும் அவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

"என்ன தம்பி, ஆளைச் சுரங்கத்துக்குள்ள இறக்கிட்டே?"

"இது டிராமாடிக் லைட்டிங், அக்கா. உங்களுக்குப் புரியாது."

"மூஞ்சியைப் பார்த்தியா நீ? காது ஒண்ணைக் காணோம்."

"நான் மூஞ்சியைப் பார்க்கறதில்லைக்கா. வெளிச்சத்தைப் பார்க்கறேன். மூஞ்சியைப் பார்க்கறவன் கவுன்ட்டர்ல இருப்பான்."

"சரிப்பா சிற்பி, டீ ஆறுது. குடி."

அவன் குடித்து முடிப்பதற்குள் பி.ஆர்.ஓ. மறுபடி கூப்பிட்டார்.

"ஐயா பார்த்தாங்க. 'இதுவும் நான் இல்லை'ன்னுட்டாங்க. இந்தத் தடவை போனை மேசையில வைக்கற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துது."

"எந்த இடம் பிடிக்கலைன்னு சொன்னாங்களா சார்?"

"ஐயாகிட்ட யார் சார் கேக்கறது? நானே யோசிச்சுப் பார்த்தேன். தாடையா இருக்கும். ஐயாவுக்குத் தாடை சதுரமா இருக்கும்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"சார், நான் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. ஐயா முன்னாடி நான் தலை நிமிர்ந்ததில்லை. ஐயாவோட ஷூ எனக்கு நல்லாத் தெரியும். கறுப்பு. முன்னாடி கூர்மையா இருக்கும்."

"போட்டோல ஷூ வரலையே சார்."

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

கடைசியில் பி.ஆர்.ஓ. ஒரு வழி சொன்னார். ஐயாவிடம் இனி ஒரே ஒரு முறைதான் காட்ட முடியும். அதற்கு முன் படத்தைச் சரிபார்க்க ஒரு குழு போடப்படும். குழுவில் பி.ஆர்.ஓ., துணைத் தலைவர், குடும்பத் தரப்பில் சேர்மனின் மனைவி, மகள். குடும்பத் தரப்பு போனிலேயே பார்த்துக் கருத்துச் சொல்லும்.

அரைமணி நேரத்தில் முதலாளியின் போன் வந்தது. பின்னால் நாதஸ்வரமோ டிரம்ஸோ ஏதோ ஒன்று காது கிழிய ஒலித்தது.

"ரெண்டு தடவை திரும்பி வந்துச்சாமே? மூணாவது தடவையும் வந்துச்சுன்னா, திங்கட்கிழமையிலருந்து நீ கவுன்ட்டர். அந்தம்மா உள்ள. புரியுதா?"

"சார், படமெடுத்தப்பவே லைட்டு..."

"என் லைட்டைப் பத்திப் பேசினே, கவுன்ட்டர்கூடக் கிடையாது."

கவுன்ட்டர் அக்கா அன்று சாயங்காலம் அவன் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து, சுழன்று பார்த்து, "முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை, லேப்டாப் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. குழந்தையின் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது? பாவமா இருக்கார்."

"பாவமா? ஆயிரத்து இருநூறு பேருக்குச் சேர்மன்டி."

"அப்படியா? எழுந்திருன்னு சொன்னா டக்குன்னு எழுந்திரிச்சுடுவார் போல இருக்கே."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. அதிகாரம் போதவில்லை! நெற்றியின் மேலிருந்து கீழாக ஓர் இருட்டு இழுத்துப் புருவத்தைக் கனமாக்கினான். கண்ணுக்குக் கீழே மெல்லிய நிழல். பார்வை இறுகியது. தாடை சதுரமாகத் தெரிய வேண்டுமே, அதற்கு இரண்டு கன்னத்திலும் இரண்டு இருட்டு.

"இப்ப எப்படி?"

மனைவி டப்பாவைப் பையில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "இப்பப் பாவமா இல்லை. போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கார். அதுவும் மூணு நாளாச் சாப்பிடாம ஓடிக்கிட்டே இருக்கற ஆள்."

ஸ்டுடியோவுக்குப் போனதும் கன்னத்துக்கு உணவளிக்கும் வேலை தொடங்கியது. வலது கன்னத்தில் வட்டமாக ஒரு வெளிச்சம், கன்னம் உப்பியது. இடது பக்கம் சமமாக வேண்டாமா என்று அங்கேயும் ஒன்று. குழுவுக்கு அனுப்பினான்.

"துணைத் தலைவர் கேக்கறார்" என்றார் பி.ஆர்.ஓ., "ஐயாவுக்குப் பல்வலியான்னு."

வீக்கம் கண்ணில் படாமல் இருக்க, பார்வையை மேலே இழுக்க வேண்டும். தலையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு, வெளிப்பக்கம் மஞ்சள் கலந்த வெளிச்சம் கரையும்படி விட்டான். பிரமாதமாக இருந்தது. பி.ஆர்.ஓ.வுக்கு அனுப்பிப் பத்து நிமிடத்தில் அலறல் வந்தது.

"சார்! ஐயா உயிரோட இருக்காங்க சார்!"

"யார் இல்லைன்னா?"

"நீங்க அனுப்பின படம் மூணாவது மாடி பிரின்டர்ல வந்திருக்கு. அங்க ஒரு உதவி மேலாளர் பார்த்துட்டு, இரங்கல் கடிதம் டைப் அடிச்சு எல்லாக் கிளைக்கும் அனுப்ப இருந்தார். ரெண்டு பேர் அழுதிருக்காங்க. ஒருத்தர் லீவு கேட்டிருக்கார். எடுங்க சார் அந்த ஒளிவட்டத்தை!"

எடுத்தால் வீக்கம் தெரியும். அதனால் எடுக்கவில்லை, அதன் மேல் இன்னோர் இருட்டைப் போட்டு அமுக்கினான். கிரேடியன்ட் பள்ளியில் எதையும் அழிப்பது கிடையாது.

மதியம் குடும்பத் தரப்பின் கருத்து வந்து சேர்ந்தது. பி.ஆர்.ஓ. குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தார்.

"மகள் கேட்டது: 'அப்பாவுக்கு எப்பலருந்து கன்னத்துல குழி விழுது?'"

"நிழல் சார். நிரப்பிடறேன்."

"மனைவி சொன்னது: 'இந்த மனுஷன் முகத்துல இப்படி ஓர் அமைதியை இருபத்தெட்டு வருஷத்துல நான் பார்த்ததே இல்லை. தயவுசெஞ்சு இப்படியே விட்டுடுங்க. ஒண்ணு வீட்டுக்கும் அனுப்புங்க.'"

"இது நல்ல கருத்து சார்!"

"இருங்க, பின்னாடியே போன் பண்ணி இன்னொண்ணும் சொன்னாங்க. 'மச்சம் எங்க?'"

"எந்த மச்சம்?"

"ஐயாவுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருக்காம். உங்க படத்துல இல்லையாம்."

கிரேடியன்ட் முதல் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகத் தேடினான். மச்சமில்லை. ஒரு கணம் மனம் திக்கென்றது. அடுத்த கணமே தெளிந்துவிட்டது. முதலாளியின் லைட்! மச்சத்தையே தின்றிருக்கிறது! இதைச் சொன்னால் கவுன்ட்டர்கூடக் கிடையாது என்பதால் வாயை மூடிக்கொண்டு, அழகாக ஒரு மச்சம் வரைந்து வலது பக்கம் வைத்தான்.

"மனைவி இந்தப் பக்கம் இல்லைங்கறாங்க" என்றார் பி.ஆர்.ஓ.

இடது பக்கம் வைத்தான்.

"துணைத் தலைவர் முதல்ல வச்ச பக்கமே சரிங்கறார். ஐயா கண்ணாடி முன்னாடி டை கட்டறப்பப் பின்னாடி நின்னு பார்த்திருக்காராம்."

"கண்ணாடியில பக்கம் மாறும் சார்."

"அவர் துணைத் தலைவர் சார். அவர்கிட்டப் போய்க் கண்ணாடி மாறும்னு நான் எப்படிச் சொல்றது?"

மச்சம் அன்று சாயங்காலத்துக்குள் முகத்தின் குறுக்கே நான்கு முறை பயணம் செய்தது. இதற்கிடையில் கவுன்ட்டர் அக்கா தன் தண்ணீர் பாட்டிலையும் ஒரு குட்டித் தொட்டிச் செடியையும் கொண்டுவந்து அவன் மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இது எதுக்குக்கா இங்க?"

"வெளிய வெயில் படுது தம்பி. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் எப்படியும் இங்கதானே."

அவன் செடியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். எட்டு வருடக் காதுகள் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தான். இத்தனை பேர் இத்தனை குறை சொல்வதற்கு என்ன காரணம்? முகம் தெரிகிறது. அதுதான் காரணம். முகம் தெரிகிற வரைக்கும் யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இடமிருந்து ஓர் இருட்டு. வலமிருந்து ஓர் இருட்டு. மச்சம் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்பது இனி பார்ப்பவர் நம்பிக்கையைப் பொறுத்தது. கழுத்திலிருந்து மேலே ஒன்று. இரட்டைத் தாடையா, ஒற்றைத் தாடையா, சதுரமா என்ற பிரச்சினை தீர்ந்தது. நெற்றியின் மேல் மட்டும் நீளமாக ஒரு வெளிச்சம், தொலைநோக்குக்காக. கண்களில் ஆளுக்கொரு புள்ளி. மிச்சம் இருந்ததெல்லாம் கோட்டும் டையும்தான். அவற்றைக் கூர்மையாக்கினான், நூல் எண்ணலாம் போல ஆயிற்று. மொத்தம் பதினேழு கிரேடியன்ட். அவன் வாழ்நாள் சாதனை.

குழு ஒரே குரலில் ஒப்புக்கொண்டது. துணைத் தலைவர், "இப்பத்தான் ஐயாவோட ஆளுமை வந்திருக்கு" என்றார். மகள் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை அனுப்பினாள். மனைவி மட்டும், "அமைதி கொஞ்சம் குறைஞ்சுடுச்சு, பரவாயில்லை, பழக்கம்தான்" என்று எழுதியிருந்தாள்.

பத்தரை மணிக்குப் படம் சேர்மன் அறைக்குள் போனது. கிரேடியன்ட் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினொன்று ஆனது. பதினொன்றே கால் ஆனது. செடியில் புதிதாக ஓர் இலை விட்டிருப்பது போலத் தோன்றியது.

போன் அடித்தது.

"சார்..." என்று இழுத்தார் பி.ஆர்.ஓ.

"சொல்லுங்க சார். நேராச் சொல்லிடுங்க."

"ஐயா ரொம்ப நேரம் பார்த்தாங்க. எழுந்து வந்து பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: 'இதுதான்யா நான்.'"

கிரேடியன்ட் செடியை எடுத்து அறைக்கு வெளியே வைத்தான்.

மதியம் இரண்டரைக்கு ஸ்டுடியோ முன்னறை நிறைந்திருந்தது. ஆறடி உயரச் சட்டத்துக்குள் படம் சுவரோடு சாய்ந்து நின்றது. கல்யாணத்திலிருந்து நேராக வந்த முதலாளி அதை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். பெரும்பாலும் சட்டத்தைத்தான் பார்த்தார்.

"என்னோட லைட்டிங்" என்றார். "லைட் சரியா விழுந்தா, அப்புறம் எடிட்டிங்ல வேலையே இருக்காது."

"ஆமாங்க சார்" என்றான் பதினேழு போட்டவன். நாற்காலி மிஞ்சியவனுக்கு அதற்கு மேல் எதற்கு வாய்?

பி.ஆர்.ஓ. புதுச்சட்டையில் வந்திருந்தார். கையிலிருந்த தாளை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "ஐயாவோட உத்தரவு. இந்தப் படம் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமில்லை. பதினாலு கிளைக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஆண்டறிக்கை அட்டையிலயும் இதுதான். அப்புறம் ஐயா தன் கைப்பட எழுதியிருக்காங்க: 'என்னை உள்ளபடி காட்டிய ஒரே படம்.'"

முதலாளி கை தட்டினார். அதனால் எல்லோரும் தட்டினார்கள். "தம்பி, திங்கட்கிழமையிலருந்து நீ சீனியர்" என்று முதலாளி அவன் தோளில் போட்ட போடு கவுன்ட்டர் வரைக்கும் கேட்டது. கவுன்ட்டர் அக்கா காது கேட்காதவள் மாதிரி யாருக்கோ, "நிமிருங்க, காது தெரியட்டும்" என்றாள்.

படத்தை ஏற்றிப்போகச் சேர்மனின் வண்டியே வந்திருந்தது. வண்டி ஓட்டி வந்த டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டத்தைத் தூக்கக் குனிந்தவர், குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டார். படத்தின் நெற்றியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மடியிலிருந்த கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பாராட்டு இன்னும் ஒன்று பாக்கி என்று கிரேடியன்ட்டுக்குத் தோன்றியது.

"என்ன அண்ணே, அப்படியே அசந்து நின்னுட்டீங்க? எப்படி வந்திருக்கு?"

டிரைவர் பி.ஆர்.ஓ.வைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நல்லாத்தான் சார் வந்திருக்கு... ஆனா அன்னிக்கு ஐயா வர்றதுக்கு முன்னாடி, லைட் சரியா விழுதான்னு பார்க்க, ஐயாவோட கோட்டை மாட்டி என்னை அஞ்சு நிமிஷம் உட்கார வச்சு எடுத்தாங்களே, அந்தப் படத்தை எதுக்கு சார் பதினாலு கிளைக்கும் அனுப்பறீங்க?"